பாடசாலை மணி அடித்த பிறகு: வாள்வெட்டுக் குழுக்கள் பற்றிச் சில கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் 27 ஆண்டுகள் நன்னடத்தை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பையன்கள் ஏன் குழுக்களில் சேர்கிறார்கள், எப்படித் தடுப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டிருக்கிறேன்.

என் மகனுக்கு 15 வயது. சிகரெட்டைக் கூடத் தொடாத பிள்ளை. இப்போது வாள்வெட்டு வழக்கில் இருக்கும் பையன்களோடு சுற்றுகிறான். நாங்கள் என்ன குறை வைத்தோம்? (ஒரு தாய், லிங்கநகர்)

குறையைத் தேடத் தொடங்கினால் எந்த வீட்டிலும் ஏதாவது அகப்படும் அம்மா, அதை விடுங்கள். அவனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். குழு எடுத்த எடுப்பில் எதையும் கேட்காது, கொடுக்கும். ரீலோட் போட்டுக் கொடுப்பார்கள். கொத்துரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவனை நாலு பேர் முன்னிலையில் "எங்கள் தம்பி" என்பார்கள். கேட்பதெல்லாம் பிறகுதான்: "இந்தப் பையை இரண்டு நாள் வைத்திரு."

அப்படி ஒரு பையை வாங்கி வைத்த பையன் என்னிடம் வந்தான். வயது 16. பைக்குள் இருந்தது லொறி வில்லுத் தகட்டில் அடித்த வாள். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி, அதன் மேல் செப்புக் கம்பி கட்டியிருந்தார்கள். அதை அம்மம்மாவின் விறகுக் குவியலுக்குள் செருகி வைத்திருந்தான். மழை நாளொன்றில் விறகு எடுக்கப் போன அம்மம்மாவின் உள்ளங்கையில் மூன்று தையல். அந்த வாள் வெட்டிய ஒரே ஆள் அவர்தான். "யாரை வெட்ட வைத்திருந்தாய்?" என்று கேட்டேன். "தெரியாது சேர், என்னை நம்பித் தந்தார்கள்" என்றான். பிறகு வீட்டுக்குப் போய் விசாரித்தேன். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசைக் கூட இரண்டு தரம் எண்ணி வாங்குவார்களாம்.

உங்கள் மகனிடம் வீட்டின் ஒரு காரியத்தை முழுதாக ஒப்படையுங்கள். மின்சாரக் கட்டணமோ, பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதோ, எதுவானாலும் சரி. அவன் செய்யாவிட்டால் அது நடக்காது என்ற நிலை இருக்க வேண்டும். ஒரு தரம் பிழை விடுவான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரம் 10 மாணவர் நால்வர் இந்த வழியில் போகிறார்கள். சிறைச்சாலையைக் காட்டிப் பயமுறுத்தினால் திருந்துவார்களா? அல்லது விலக்கிவிடலாமா? (ஆசிரியர், மூதூர்)

சிறையைக் காட்டும் வைத்தியத்தை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள் சேர். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், ராவே சிறைக்குப் பையன்களை அழைத்துச் சென்று ஆயுள் கைதிகளைக் கொண்டு அதட்ட வைத்தார்கள். ஊரே கைதட்டியது. பிற்பாடு இத்தகைய திட்டங்களை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது, போய்ப் பார்த்த பையன்களே போகாதவர்களை விட அதிகம் குற்றம் செய்திருந்தார்கள்.

விலக்குவது அதைவிட மோசம். இதுவரை இரண்டு மணிக்குச் சந்திக்கு வந்துகொண்டிருந்தவன் இனிக் காலை எட்டு மணிக்கே வருவான், அவ்வளவுதான். நம் நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம். வரவுப் பதிவேட்டில் தொடர்ந்து மூன்று நாள் சிவப்பு விழுந்தால் யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போங்கள். கண்டிக்கப் போக வேண்டாம். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், போதும்.

எல்லாவற்றுக்கும் போர்தானே காரணம்? (ஓய்வு பெற்ற எழுதுவினைஞர், உவர்மலை)

இந்த வாக்கியத்தைக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. போர் முடிந்தது 2009இல். இன்றைய 15 வயதுப் பையன் அதற்குப் பிறகு பிறந்தவன். ஆனால் அவனுடைய தகப்பன் முகாமைப் பார்த்தவர், சுனாமியைப் பார்த்தவர், சில வீடுகளில் பேச்சை விட்டே போனவர். அந்த மௌனத்தில் வளர்கிற பையனிடம், வெளியே யாராவது பத்து நிமிடம் பேசினால் பெரிய விஷயம். இந்த அளவுக்கு உங்கள் பேச்சு சரி. அதற்கு மேல் போரைச் சொல்வது நாம் எதுவும் செய்யாமல் இருப்பதற்கு வசதியான சாட்டு.

என் தம்பி மோட்டார் சைக்கிளை மட்டும்தான் ஓட்டினான், யாரையும் தொடவில்லை. அவனையும் ஏன் பிடித்தார்கள்? (ஓர் அக்கா, அலஸ்தோட்டம்)

ஒவ்வொரு பையனும் சேர்வதற்கு முன் இதைத் தெரிந்திருக்க வேண்டும் தங்கச்சி. தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவின்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்றம் செய்யும் பொது நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக ஒருவன் செய்த குற்றத்துக்குக் கூட்டத்தில் நின்ற மற்றவர்களும் பொறுப்பு என்கிறது 146ஆம் பிரிவு. வெட்டியவன், ஓட்டியவன், வாசலில் காவல் நின்றவன் என்று சட்டம் சலுகை காட்டுவதில்லை. குழுவில் மூத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வண்டி ஓட்டச் சின்னப் பையனைப் பிடிக்கும்போது மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நல்ல வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். தவணைத் திகதி ஒன்றையும் தவற விடாதீர்கள்.

பிடித்து உள்ளே போட்டால் முடிந்துவிடுமே? (கடைக்காரர், பிரதான வீதி)

வாள் தூக்கியவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் விளக்கமறியலில் அவனுக்குப் பக்கத்தில் படுப்பவர் யார் என்றும் யோசியுங்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் கத்திக்குப் பேர் போனது. அங்கே 2005இல் பொலிஸாரே வன்முறையைக் குறைக்கவென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். 2008இல் குழு இளைஞர்களை நீதிமன்ற மண்டபத்துக்கு அழைத்து உட்கார வைத்தார்கள். வெட்டுக் காயங்களைத் தைக்கிற வைத்தியர் பேசினார், வெட்டுப்பட்ட பிள்ளையின் தாய் பேசினார். இனியும் வெட்டினால் விட மாட்டோம், விலகினால் வேலைக்கும் படிப்புக்கும் துணை நிற்போம் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நம்மிடம் முதல் பாதி மட்டும் தாராளமாக இருக்கிறது.

எங்கள் கழகத்துக்கு மைதானம் திருத்தித் தந்தால் பையன்கள் கெட மாட்டார்கள், சரிதானே? (கழகச் செயலாளர், திருக்கடலூர்)

பாதி சரி. இறுதிப் போட்டி முடிந்து ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு அடிபட்ட கழகங்களையும் நான் பார்த்திருக்கிறேன் தம்பி, கோபிக்க வேண்டாம். சிக்காகோவில் 1,313 குழுக்களை ஆராய்ந்த பிரெடெரிக் திராஷர் 1927இலேயே எழுதினார்: தெருவில் சேர்ந்து விளையாடும் பையன் கூட்டம், இன்னொரு கூட்டத்தோடு மோதும்போதுதான் இறுகிக் குழுவாகிறது. மைதானத்தை விட முக்கியம், மாலையில் விளக்குப் போடும் வரை அங்கே நிற்கிற ஒரு பெரிய ஆள். அணியில் இடம் கிடைக்காத பையனையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடியவராக அவர் இருக்க வேண்டும். மதிலில் குந்தியிருக்கும் அந்தப் பன்னிரண்டாவது ஆட்டக்காரனைத்தான் குழுக்காரர் முதலில் கூப்பிடுகிறார்கள்.

மகள் குவைத்தில். பேரனை நான் வளர்க்கிறேன். என் சொல்லுக்கு அடங்குகிறான் இல்லை. (உம்மம்மா ஒருவர், கிண்ணியா)

உம்மா, மகள் அனுப்பும் பணத்தை அவன் கையில் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். மாமாவோ பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவரோ வாரத்தில் ஒரு நாள் அவனை அழைத்துப் போகட்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். போக முடியாவிட்டால் 1929க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.

அடித்துத் திருத்தலாமா? (தகப்பன், பாலையூற்று)

வேண்டாம். அடி தாங்கப் பழகியவனைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள்.

இரண்டு வருடமாக ஒரு குழுவில் இருக்கிறேன். வயது 19. விட்டால் அடிப்பார்கள் என்கிறார்கள். வெளியே வர முடியுமா? (உப்புவெளி)

முடியும் தம்பி. வெளிநாட்டு நகரங்களில் பையன்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பெரும்பாலானோர் இரண்டு ஆண்டுகளுக்குள் விலகியிருந்தார்கள். பலர் அறிவித்துவிட்டு விலகவில்லை, தேய்ந்து போனார்கள். நீயும் அறிவிக்காதே. வேலை இருக்கிறது என்று சொல், அது உண்மையாகவும் இருக்கட்டும். படகு இயந்திரம் திருத்துமிடத்தில் பழகுநனாகச் சேர்ந்தால், மாலையில் உடம்பு தானாகவே வீட்டுக்குப் போகச் சொல்லும். வாட்ஸ்அப் குழுவிலிருந்து முதல் நாளே வெளியேறாதே, பதில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டு வா. வெளியூரில் உறவினர் இருந்தால் இரண்டு மாதம் போய் இரு. உண்மையில் மிரட்டல் வந்தால் வீட்டாருக்கு மறைக்காதே.

அவர்களுடைய பை ஏதாவது உன்னிடம் இருந்தால் திறக்காதே, புதைக்காதே, திருப்பிக் கொடுக்கத் தனியாகவும் போகாதே. முதலில் ஒரு வழக்கறிஞரைப் பார்.