ரோஸ் மூக்கு ராஜபாளையத்தை இணை சேர்க்க விடலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் காபியும் மிளகும் வைத்திருக்கிறேன். காவலுக்கு ராஜபாளையம் கடுவன் நாய், வயது 14 மாதம். பால் வெள்ளை, மூக்கு நல்ல ரோஸ். சேலத்தில் குட்டி விற்கும் ஒருவர், "பெட்டைக்குச் சேர்க்க நாலு நாள் கொடுங்க, ஐயாயிரம் தர்றேன்" என்கிறார். தொகை சரிதானா? ஒருமுறை சேர்த்துவிட்டால் தோட்டம் தாண்டி ஓடுவது நிற்கும் என்கிறார்களே, நிஜமா அய்யா?

பதில்: நிற்காது தம்பி. ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும். ஓட்டம் குறைய வேண்டுமென்றால் வேலியைச் சரிசெய்யுங்கள். குட்டி எடுக்கும் எண்ணமே இல்லையென்றால் டாக்டரிடம் விதை நீக்கிவிடலாம்.

தொகையை விடுங்கள். உங்கள் நாய்க்கு இரண்டு காதும் கேட்கிறதா? பால் வெள்ளை, ரோஸ் மூக்கு என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்கள் உள்காதிலும் வேண்டும். அவை இல்லாத குட்டிக்கு, பிறந்த சில வாரங்களிலேயே காது செத்துவிடும். மூக்கு எவ்வளவு ரோஸோ அவ்வளவு விலை என்று வியாபாரிகள் ஏற்றிவிட்டதில், கேட்காத குட்டிகளும் விலைபோகின்றன. வாங்கியவர், "கூப்பிட்டா வராது, திமிர் பிடிச்ச நாய்" என்று அதை அடித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு காதும் போயிருந்தால் எளிதில் தெரிந்துவிடும். ஒரு காது மட்டும் போனதுதான் ஏமாற்றும். அது கூப்பிட்டால் வரும், குரைக்கும், ஆனால் சத்தம் எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் மாற்றிப் பார்க்கும். நாய் தூங்கும்போது, கண்ணில் படாமல், தரை அதிராமல் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். ஒரு நாள் இடப்பக்கம், இன்னொரு நாள் வலப்பக்கம். இதில் ஓரளவுதான் தெரியும். ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்து மூளை அலையைப் பதிவு செய்தால்தான் உறுதி. அந்த வசதி எங்கே இருக்கிறது என்று நாமக்கல், தலைவாசல் கால்நடைக் கல்லூரிகளில் போன் போட்டு விசாரியுங்கள். இந்தக் குறை வம்சத்தில் இறங்கும். ஆகவே கூடப் பிறந்த குட்டிகளில் ஒன்றுக்குக் காது கேட்காவிட்டால்கூட, உங்கள் நாய் நன்றாகக் கேட்டாலும், நான் இணைக்கு விடமாட்டேன்.

நாலு நாள் கொடுத்தனுப்பும் பேச்சே வேண்டாம். அங்கே எத்தனை பெட்டைக்கு விடுவார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இணை சேரும்போது பரவும் புருசெல்லா என்ற கிருமி தொற்றினால் விதை வீங்கி, பிறகு சுருங்கி மலடாகும். மருந்து கொடுத்தாலும் முழுதாகப் போகும் என்று நம்ப முடியாது, மனிதருக்கும் ஒட்டும். இன்னொன்று குறியில் வரும் தொற்றுக் கட்டி. ரத்தம் சொட்டும், வாரா வாரம் ஊசி போட்டுக் குணப்படுத்தலாம், ஆனால் அலைச்சல். ஆகவே இரண்டு நாய்க்கும் முன்கூட்டியே புருசெல்லா ரத்தப் பரிசோதனை, டாக்டர் கையால் குறிப் பரிசோதனை. அதற்கு முகம் சுளிக்கிற ஆளிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

14 மாதம் சின்ன வயது. இரண்டு முடியட்டும், குணமும் தெரியும். காது தேறினால் பெட்டையை உங்கள் தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். கடுவன் பழகிய இடத்தில் இருப்பதுதான் முறை. கூலியாக ஒரு குட்டி அல்லது ஒரு குட்டியின் விலை என்பது வழக்கம். சினை பிடிக்காவிட்டால் அடுத்த பருவத்தில் காசு வாங்காமல் விடுவீர்களா என்பதையும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, குட்டி எடுத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சேலத்துக்காரரிடம் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள்.