தாமதமான விமானம்: இழப்பீட்டை யார் மூலம் கேட்பது?

கேள்வி: ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு நான் வந்த விமானம், இயந்திரக் கோளாறால் ஐந்து மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தது. இழப்பீடு பெற்றுத் தரும் இணைய நிறுவனம் ஒன்றிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள், முதலில் நீங்களே கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குமுறைப்படி, ஒன்றியத்து நிலையத்திலிருந்து புறப்படும் விமானம், அது எந்த நாட்டு நிறுவனத்துடையதாக இருந்தாலும், சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால், பயணி இழப்பீடு கேட்கலாம். உங்கள் பயணம் 3,500 கிலோமீட்டரைத் தாண்டுவதால் தொகை 600 யூரோ. கடும் புயல் போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், வழக்கமான இயந்திரக் கோளாறு அதில் சேராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-இலேயே தெளிவாக்கிவிட்டது. ஆகவே உங்கள் பக்கம் வலுவானது.

விமான நிறுவனத்தின் இணையப் படிவத்தில் முன்பதிவு எண், விமான எண், தேதி, தாமத நேரம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, போர்டிங் பாஸின் படத்தை இணைத்தால் போதும், இதற்குக் கட்டணமில்லை. இடைநிலை நிறுவனமோ, வெற்றி பெற்றால் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலே உங்கள் 200 யூரோ போய்விடும். வழக்குத் தொடுத்தால் இன்னும் கூடும்.

விமான நிறுவனம் மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ இடைநிலை நிறுவனத்தை நாடுவது நியாயமே. அப்போதும் கையெழுத்திடும் முன், உரிமையையே அவர்களுக்கு மாற்றித் தரும் வாசகம் படிவத்தில் உள்ளதா என்று வரிவரியாகப் பாருங்கள்; இருந்தால், பிறகு நீங்கள் நேரடியாகக் கேட்க முடியாது.