ஆண்களோட மூத்திரக்குழாய் கேன்சரும் ஸ்கேனும்: கேள்வி பதில்

நான் ரேடியாலஜிஸ்ட். மொத்த கேன்சர்ல 1 சதவீதத்துக்கும் கம்மியா வர்ற நோய் இது. ஸ்கேன் பத்தி கேளுங்க.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயசு, ஆர்.ஜி.யூ.ல ஸ்ட்ரிக்ச்சர்னு (குழாய் சுருங்கிப் போறது) ரிப்போர்ட். 3 தடவை டைலேட் பண்ணியும் (குழாயை விரிச்சு விட்டும்) அடைச்சுக்குது, இப்ப ரத்தமும் வருது. கேன்சரா இருக்குமா?

பதில்: படத்தை வெச்சு அடிச்சு சொல்ல முடியாது தம்பி. ஆர்.ஜி.யூ.ன்னா ஆணுறுப்பு நுனி வழியா டை (சாய மருந்து) ஏத்தி எடுக்கற எக்ஸ்ரே, குழாயோட உள்வழி மட்டும்தான் தெரியும், சுவரைத் தாண்டி என்ன இருக்குன்னு தெரியாது. ஓரம் கரடுமுரடா இருந்தா சந்தேகப்படுவோம், ஆனா வெறும் ஸ்ட்ரிக்ச்சர் மாதிரியே ஒளிஞ்சிருக்கவும் செய்யும். ஆண்கள்ல பாதிக்கும் மேல விதைப்பைக்குப் பின்னாடி இருக்கற பல்போமெம்பிரேனஸ் பகுதியிலதான் வருது, ஸ்ட்ரிக்ச்சரும் அங்கதான் அதிகம். ரத்தம் வந்தப்புறம் இன்னொரு டைலேஷன் மட்டும் பண்ணிட்டு வந்துடாதீங்க, சிஸ்டோஸ்கோப்பி (உள்ள கேமரா விட்டுப் பார்க்கறது), பயாப்ஸி (துளி சதை எடுத்து டெஸ்ட் பண்றது) கேளுங்க.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எதுக்கு? மயக்கம் கொடுத்து கையால அழுத்திப் பார்த்தாலே போதுமே. நான் யூராலஜிலதான் இருந்தேன்.

பதில்: கையால பார்க்கறது வேணும் சார், ஒத்துக்கறேன். ஆனா ஆழம்? டி2ங்கற எம்.ஆர்.ஐ. பட வகையில கேவர்னோசம் (ஆணுறுப்பை விறைக்க வைக்கற திசு) வெள்ளையா தெரியும், அதைச் சுத்தி டியூனிகாங்கற உறை கறுப்புக் கோடா ஓடும், கட்டி மங்கலா இருக்கும். குழாயைச் சுத்தியிருக்கற ஸ்பாஞ்சியோசம் திசுவோட நின்னா டி2 ஸ்டேஜ் (இந்த டி2 பட வகை இல்ல, கட்டி எவ்வளவு ஆழம்ங்கற கணக்கு), கறுப்புக் கோட்டை உடைச்சு கேவர்னோசத்துல நுழைஞ்சா டி3. ஆணுறுப்பைக் காப்பாத்தலாமா, எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ண இது முக்கியம். உறுப்பை வயித்துமேல மேல்நோக்கி வெச்சு டேப் போட்டு, அசையாம எடுக்கணும், இல்லன்னா அந்தக் கோடே கலங்கிப் போயிடும்.

கேள்வி (அதே சார்): அப்போ பயாப்ஸிக்கு முன்னாடியா, பின்னாடியா?

பதில்: சந்தேகம் பலமா இருந்தா முன்னாடி. பயாப்ஸி எடுத்தா ரத்தக்கசிவும் வீக்கமும் படத்துல கட்டி மாதிரி ஏமாத்தும். அதுக்காக எம்.ஆர்.ஐ. தேதி கிடைக்கலன்னு பயாப்ஸியைத் தள்ளிப் போடாதீங்க, அதுதான் பெரிய தப்பு.

கேள்வி: பெட் ஸ்கேன் எடுத்தா எல்லாம் தெரியும்தானே?

பதில்: பெட் ஸ்கேனுக்கு ஏத்தற மருந்து மூத்திரத்துலதான் வெளியேறுது, குழாயே பளிச்சுன்னு எரியும், கட்டி அதுக்குள்ள மறைஞ்சிடும். நிணநீர்க் கட்டி, தூரத்துப் பரவல் பார்க்க உதவும்.

கேள்வி: எனக்கும் ஆர்.ஜி.யூ.ல ஸ்ட்ரிக்ச்சர், கேன்சரா?

பதில்: முதல் பதிலைப் படிங்க.

கேள்வி: ஸ்ட்ரிக்ச்சர் ரிப்போர்ட் அனுப்பட்டா?

பதில்: வேணாங்க. இதோட மூணாவது ஆள். ரிப்போர்ட்டை யூராலஜிஸ்ட்கிட்ட காட்டுங்க, ரத்தமோ கட்டியோ இருந்தா இந்த வாரமே.

கேள்வி: தொடையிடுக்குல கட்டி தட்டுப்படுது, சம்பந்தம் இருக்கா?

பதில்: இருக்கலாம். குழாயோட முன்பகுதி கேன்சர் முதல்ல தொடையிடுக்கு நிணநீருக்கும், பின்பகுதி இடுப்புக்குள்ளயும் போகும். கிருமித்தொற்றாலயும் வீங்கும். அளந்து பார்க்க சி.டி., உறுதி பண்ண ஊசி குத்தி சாம்பிள் எடுக்கற டெஸ்ட்.