பென்டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்யப் பார்க்கிறேன், பூட் மெனுவில் (எந்த டிரைவிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலில்) பென்டிரைவின் பெயரே வரவில்லை. என்ன செய்வது?

முதலில் பயாஸ் (லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் எழும் மென்பொருளின் செட்டிங்ஸ்) பக்கம் போகாதீர்கள். "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணு, லெகஸியை ஆன் பண்ணு, பூட் ஆர்டரை மாத்து" என்று இந்தக் கேள்விக்கு மூச்சுவிடாமல் ஒரு பட்டியல் தருவார்கள். (செக்யூர் பூட் என்பது கையெழுத்து சரிபார்த்த மென்பொருளை மட்டும் எழவிடும் காவல், லெகஸி என்பது பழைய பயாஸ் முறை.) அந்தப் பட்டியலில் பாதி உங்களுக்குத் தேவையே இருக்காது. மீதியில் ஏதாவது ஒன்று, இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸையும் சேர்த்துப் படுக்க வைத்துவிடும். குறை பென்டிரைவிலா லேப்டாப்பிலா என்று தெரிந்த பிறகு எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. அதே பென்டிரைவை இன்னொரு லேப்டாப்பில் செருகி, அதன் பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். அங்கே பெயர் வந்தால் பென்டிரைவ் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் லேப்டாப்பைத்தான் கவனிக்க வேண்டும். அங்கேயும் வராவிட்டால் பென்டிரைவை மறுபடி எழுத வேண்டும். மெனுவைத் திறந்து பார்ப்பதால் அந்த லேப்டாப்பில் எதுவும் மாறிவிடாது, எஸ்கேப் அழுத்தி வெளியே வந்துவிடலாம்.

இன்னொரு லேப்டாப் கிடைக்கவில்லையா? பென்டிரைவை விண்டோஸிலேயே திறந்து பாருங்கள். பல ஜிபி அளவில் ஒரே ஒரு ஐஎஸ்ஓ கோப்பு (முழு இன்ஸ்டால் டிஸ்க்கின் நகல்) மட்டும் உட்கார்ந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கோப்பைக் காப்பி செய்திருக்கிறீர்கள், பூட் ஆகும்படி பென்டிரைவில் எழுதவில்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் எழுந்திருக்கும் மென்பொருளுக்கு ஐஎஸ்ஓவைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பழைய பயாஸாக இருந்தால் அது பென்டிரைவின் முதல் 512 பைட்டைப் படிக்கும், அதில் ஓடக்கூடிய குறியீடு இல்லாவிட்டால் அடுத்த டிரைவுக்குப் போய்விடும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பயாஸின் இடத்தில் பரவலான யூஇஎஃப்ஐ வேறு மாதிரி. அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பார்ட்டிஷன் (டிரைவின் ஒரு பகுதி) ஒன்றைத் தேடும், அதில் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்' என்ற ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்ற கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். உங்கள் பென்டிரைவில் அந்தக் கோப்பு கண்ணில் பட்டால் பாதிக் கவலை விட்டது.

நண்பர் ஒருவரின் லேப்டாப் என்னிடம் வந்தபோது செக்யூர் பூட், லெகஸி, ஹார்ட் டிஸ்க் மோடு என்று மாற்றக்கூடிய எல்லாமே மாறியிருந்தது. விண்டோஸும் எழவில்லை. பென்டிரைவைத் திறந்தால் உள்ளே அம்சமாக ஒரே ஒரு ஐஎஸ்ஓ.

சரி, எழுதுவது எப்படி? விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். 8 ஜிபி பென்டிரைவ் பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். ரூஃபஸில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் 'பார்ட்டிஷன் ஸ்கீம்', அதாவது பென்டிரைவைப் பகுதிகளாகப் பிரித்துக் குறித்துவைக்கும் முறை. யூஇஎஃப்ஐ லேப்டாப் என்றால் ஜிபிடி, பழைய பயாஸ் மட்டும் உள்ள லேப்டாப் என்றால் எம்பிஆர். இதை மாற்றிப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. இன்னொரு சிக்கல், ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் 'இன்ஸ்டால்.விம்' அதைத் தாண்டிவிடுவது சகஜம். அதனால்தான் விண்டோஸ் கோப்புகளைக் கையால் காப்பி செய்து ஒப்பேற்றப் பார்ப்பவர்கள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். ரூஃபஸ் அந்த மாதிரி நேரத்தில் அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறையில் எழுதிவிட்டு, யூஇஎஃப்ஐ அதைப் படிப்பதற்கென்று பக்கத்திலேயே ஒரு குட்டிப் பார்ட்டிஷனையும் வைத்துவிடும். எழுதிய பென்டிரைவில் இரண்டு பார்ட்டிஷன் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

லினக்ஸ் ஐஎஸ்ஓ என்றால் பலேனா எட்சர் என்ற மென்பொருளும் நல்ல தேர்வு, கேள்வியே கேட்காமல் எழுதிக் கொடுத்துவிடும். எழுதி முடித்து மறுபடி செருகும்போது, இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று விண்டோஸ் கேட்கலாம். கேன்சல் கொடுங்கள். ஓகே கொடுத்தால் எழுதியது அத்தனையும் போச்சு. ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்தாலே போதும் என்கிற வசதி வேண்டுமானால் வென்டாய் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு தடவை பென்டிரைவில் நிறுவிவிட்டால், எத்தனை ஐஎஸ்ஓ போட்டாலும் ஆன் செய்யும்போது பட்டியல் காட்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் முதல் தடவை நீலத்திரையில் அதன் டிஜிட்டல் சாவியைப் பதிவு செய்யச் சொல்லும், அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள்.

பென்டிரைவ் சரி என்று தெரிந்துவிட்டதா, இனி லேப்டாப். பூட் மெனுவைத் திறக்கும் கீபோர்டு சாவி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவோ இரண்டிலும் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்தி, பிறகு எஃப்9. ஏசஸ் லேப்டாப்களில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 தான், ஆனால் பல மாடல்களில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், எஃப்2 வழியாக உள்ளே போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை எனேபிள் செய்ய வேண்டும். சில லெனோவோக்களில் பக்கவாட்டில் ஊசிமுனைத் துளை ஒன்று இருக்கும், லேப்டாப் அணைந்திருக்கும்போது அதற்குள் பின் வைத்துக் குத்தினால் மெனு வரும். இன்டெல் மேக்கில் ஆப்ஷன் சாவியைப் பிடித்துக்கொண்டு ஆன் செய்ய வேண்டும். 2020-இல் வந்த எம்1 சிப்போ அதற்குப் பிந்தைய ஆப்பிள் சிப்போ உள்ள மேக்குகளின் கதையே வேறு, இங்கே சொல்வது எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

மேக் தவிர மற்றவற்றில் சாவியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காமல், பவர் பட்டனைத் தொட்டதிலிருந்து விட்டுவிட்டுத் தட்டுங்கள். மேல்வரிசைச் சாவிகள் சத்தத்தைக் கூட்டவும் வெளிச்சத்தைக் குறைக்கவும் மட்டும் வேலை செய்யும் லேப்டாப் என்றால், எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்திப் பார்க்கலாம்.

அப்படியும் சிக்கவில்லை என்றால் விண்டோஸ் வழியாகவே போய்விடலாம். பென்டிரைவைச் செருகி, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத்திரை வரும், அதில் 'யூஸ் எ டிவைஸ்' என்று இருந்தால் அதற்குள் பென்டிரைவ் தெரியும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 8-இலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுமையாக மூடுவதில்லை, கெர்னலின் (விண்டோஸின் மையப்பகுதியின்) நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அடுத்த தடவை அங்கிருந்தே எழும். ரீஸ்டார்ட்டில் அது கிடையாது. "ஷட் டவுன் செய்து ஆன் செய்தால் மெனு வரமாட்டேங்குது, ரீஸ்டார்ட் செய்தால் வருது" என்று சிலர் குழம்புவது இதனால்தான்.

பயாஸுக்குள்ளேயே 'ஃபாஸ்ட் பூட்' என்று இன்னொன்று இருக்கும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் அது வேறு. அதை ஆனில் வைத்தால் சில லேப்டாப்கள் நேரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பென்டிரைவ் இன்னொரு லேப்டாப்பில் வருகிறது, இதில் வரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அடுத்து, யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் அதை எடுத்துவிட்டு நேரடியாக லேப்டாப்பிலேயே செருகிப் பாருங்கள்.

மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் வருவதும் உண்டு. ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும், இன்னொன்றில் வெறும் கம்பெனிப் பெயர் மட்டும். யூஇஎஃப்ஐ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே யூஇஎஃப்ஐ முறையில் இருக்கும் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை மற்ற முறையில் போட்டுவிட்டால், பிறகு இரண்டையும் ஒரே மெனுவில் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

செக்யூர் பூட்டைக் கடைசியில் வைத்திருக்கிறேன், காரணமாகத்தான். விண்டோஸ், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் அது ஆனில் இருக்கும்போதே எழும். 'செக்யூரிட்டி வயலேஷன்' போன்ற செய்தி வந்தால் மட்டும் அதை அணைப்பதைப் பற்றி யோசியுங்கள். அதற்கு முன் விண்டோஸில் பிட்லாக்கரோ டிவைஸ் என்க்ரிப்ஷனோ (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதிகள்) இருக்கிறதா என்று பாருங்கள். ஹோம் பதிப்பிலும் அது தானாகவே ஆனில் இருக்கலாம். இருந்தால், செக்யூர் பூட்டை மாற்றிய அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்டு நிற்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். கீ கிடைக்கவில்லை என்றால் டிஸ்க்கில் உள்ளதை மறந்துவிட வேண்டியதுதான், எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது.

பூட் ஆகிவிட்டது, ஆனால் திரை கறுப்பாகவே நிற்கிறது என்றால் கிராஃபிக்ஸ் தகராறாக இருக்கலாம். உபுண்டுவின் முதல் மெனுவிலேயே 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்று ஒரு வரி இருக்கும், அதைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாம் வந்தும் இன்ஸ்டாலருக்கு உள் டிஸ்க் தெரியவில்லை என்றால் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி (டிஸ்க்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் இன்டெல் அமைப்புகள்) காரணமாக இருக்கலாம். விண்டோஸ் போடுகிறவர்கள் அதற்கான டிரைவரைப் பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரிந்துவிடும்.

ஃபைல்களை மீட்பதற்காக மட்டும் லைவ் லினக்ஸில் (டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில்) நுழைகிறீர்கள், விண்டோஸும் இன்னும் எழுகிறது என்றால், முதலில் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி ஷட் டவுன் கொடுத்து முழுமையாக மூடிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவைப் படிக்க மட்டும்தான் லினக்ஸ் விடும், எழுத விடாது. லைவில் இருக்கும்போது டெஸ்க்டாப்பில் சேமித்து வைப்பதெல்லாம் அணைத்ததும் போய்விடும், அதனால் எடுக்கும் ஃபைல்களை வேறொரு டிரைவில் போடுங்கள்.

வேலை முடிந்து பென்டிரைவைப் பழையபடி பயன்படுத்தப் போனால், அதன் கொள்ளளவு சில எம்பிதான் என்று விண்டோஸ் காட்டலாம். பென்டிரைவ் கெட்டுப்போகவில்லை. ரூஃபஸில் ஐஎஸ்ஓவுக்குப் பதில் 'நான் பூட்டபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் முழு இடமும் திரும்பக் கிடைத்துவிடும்.