தொண்டிக் கடலின் கலங்கலை அளப்பது எப்படி? கேள்வி பதில்

காரைக்குடி மாணவி: ஒரு லிட்டர் கடல்நீரில் எவ்வளவு வண்டல் மிதக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

வடிகட்டி எடை போடுவதுதான் வழி அம்மா. கண்ணாடி இழை வடிதாளை உலர்த்தி, எடை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கிய உடனே தண்ணீரை அளந்து ஊற்றி வடிகட்டுங்கள். நின்று யோசித்தால் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். 105 டிகிரியில் காயவைத்து, டெசிகேட்டரில் (ஈரம் ஏறாமல் காக்கும் மூடிய கலம்) ஆறவிட்டு, மறுபடி எடை பாருங்கள். கூடிய எடையை லிட்டரால் வகுத்தால் விடை.

உலர்த்தும் முன் உப்பைக் கழுவ மறக்காதீர்கள். கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தாளில் அரை மில்லி தங்கினாலே 17 மில்லிகிராம். வண்டலே 20 மில்லிகிராம்தான் என்றால் கணக்கு என்ன ஆகும்? புனலைக் கழற்றி, அது அழுத்தியிருந்த விளிம்பையும் டிஸ்டில்டு வாட்டரால் கழுவுங்கள். காய்ந்தபின் வெள்ளை வளையம் தெரிவது அங்கேதான்.

தேவகோட்டை: கலங்கலை அளக்கும் மீட்டர் காட்டும் என்.டி.யு. அலகை அப்படியே மில்லிகிராம் என்று எழுதலாமா?

கூடாது. மீட்டர் பார்ப்பது சிதறும் ஒளியை. ஒரே எடையில் நுண்களிமண் சிதறடிக்கும் அளவுக்கு மணல் சிதறடிக்காது. அந்தந்த இடத்து வண்டலை வடிகட்டி எடை பார்த்து, அதோடு மீட்டரை ஒப்பிட்ட பிறகே மாற்றலாம்.

கோட்டையூர்: கழுவுவானேன்? வண்டல் இல்லாத கடல்நீரை இன்னொரு தாளில் வடித்து, அந்த உப்பைக் கழித்துவிடலாமே?

நல்ல யோசனை, ஆனால் அது மட்டும் போதாது. எல்லாத் தாளும் ஒரே அளவு நீரைப் பிடித்துவைப்பதில்லை. சேறு படிந்த தாள் வேறு மாதிரி. கழுவியும் கொஞ்சம் உப்பு மிஞ்சும். அந்த மிச்சத்துக்குத்தான் உங்கள் வெற்றுத்தாள். அதையும் அதே அளவு கழுவுங்கள்.

புதுவயல்: டிஸ்டில்டு வாட்டர் பட்டால் நுண்ணுயிர்ச் செல்கள் வெடித்துவிடாதா? கழுவவே கூடாது என்பேன்.

வெடிக்கும், உண்மை. பாசி மிகுந்த நீரில் எடை குறையும். அதற்காகக் கழுவாமல் விட்டால் பிழை அதைவிடப் பெரிது. அம்மோனியம் ஃபார்மேட் கரைசலால் கழுவலாம். செல்களும் தாங்கும், உலர்த்தும்போது கரைசல் ஆவியாகியும் போகும். கோட்டையூர்க்காரரும் நீங்களும் ஒரே நீரை இரண்டு வழியிலும் செய்து பாருங்கள். முடிவை எனக்கும் சொல்லுங்கள், ஆசையாக இருக்கிறது.

கானாடுகாத்தான்: என்.டி.யு. 10 என்றால் எத்தனை மில்லிகிராம்?

தேவகோட்டைக்குச் சொன்னதேதான்.

பள்ளத்தூர்: ஊருணித் தண்ணீர் தேத்தாங்கொட்டையால் தெளிகிறது. கடல் ஏன் கலங்கியே கிடக்கிறது?

கடலில் அந்த வேலையை உப்பே செய்கிறது. களிமண் திரண்டு கீழே இறங்கும். ஆனால் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. வாடைக்காற்றின் அலை அடிச்சேற்றை மறுபடி கிளப்பிவிடும்.

தொண்டி: எங்கள் இறால் பண்ணையில் நோய். வண்டல்தான் காரணமா?

அது மீன்வளத் துறை பார்க்க வேண்டியது. அங்கே போங்கள் தம்பி.

நம்புதாளை: படகில் எங்களால் செய்யக்கூடிய அளவீடு ஏதும் உண்டா ஐயா?

உண்டு. 1865இல் செக்கி என்ற இத்தாலியர் சோதித்த வட்டத்தட்டு முறை. வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். உச்சிவெயில் நேரத்தில், படகின் நிழல் பக்கமாக. மில்லிகிராம் கிடைக்காது, நாளுக்கு நாள் வித்தியாசம் தெரியும். தட்டு மறையாமல் தரையைத் தொட்டால், ஆழத்தை எழுதாமல் 'தரை தெரிந்தது' என்று எழுதுங்கள்.