ஐந்து மாதத்தின் காசு

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் வாடகை அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. நான் வேலை செய்த நிறுவனம் 2023 ஒக்டோபர் முடிவில் எங்கள் பிரிவை மூடியது. அப்போது மாதச் சம்பளம் 350,000 ரூபா. அடுத்த வேலை 2024 ஏப்ரலில்தான் கிடைத்தது. இப்போது 280,000. 2023/24 ஆண்டுக்கான வருமான வரி விபரத்திரட்டை நிரப்பித் தந்த நண்பர் ஒருவர், நான் கூடுதலாக வரி கட்டியிருக்கிறேன், ரீஃபண்ட் கேள் என்றார். கேட்டேன். போன கிழமை 232,500 ரூபா வந்திருக்கிறது.

கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 2013 அல்ட்டோ, 26 லட்சம் சொல்கிறார்கள். பாதிக்கு லீசிங் போடலாம், மாதம் 31,500 வீதம் ஐந்து வருடம். மற்றப் பாதிக்கு இந்த ரீஃபண்ட், சீட்டுக்காசு 7 லட்சம், மிச்சத்தை லண்டனில் இருக்கும் அண்ணா தருவார்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பஸ் ஏற முடியாது. மாதம் இரண்டு முறை கிளினிக். இரவில் ஏதும் அவசரம் வந்தால் என்ன செய்வது என்று பயம். பிள்ளைகள் ஸ்கூல் வானில் போகிறார்கள். வருடத்தில் ஒருதரம் யாழ்ப்பாணம் நல்லூர்க் கோயிலுக்குச் சொந்தக் காரில் போகவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வாகனம் விலை ஏறுமே தவிர இறங்காது, இது செலவில்லை, முதலீடு என்கிறார் மச்சான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வேலையில்லாத நேரம் அவவின் காப்புகளை அடகு வைத்தோம், அதைப் பிறகு பார்க்கலாம் என்று இருக்கிறேன். சின்ன மகள் காருக்குப் பேரே வைத்துவிட்டாள்.

எதிர்பாராமல் வந்த காசு. காரில் போடலாமா?

(பெயர் வேண்டாம்)
வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

எதிர்பாராமல் வந்த காசு என்று எழுதியிருக்கிறீர்களே, என் வழக்கு அந்தச் சொல்லோடுதான். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுகிற வரிக்கு ஒரு அட்டவணை இருக்கிறது. இந்த மாதம் வாங்கிய சம்பளத்தையே வருடம் முழுக்க வாங்குவீர்கள் என்று அது நம்பிக்கொள்ளும். 350,000 என்றால் வருடத்துக்கு 42 லட்சம். அன்றைய சட்டப்படி முதல் 12 லட்சத்துக்கு வரியில்லை. மிச்சம் 30 லட்சத்துக்கு 6 சதவீதத்தில் தொடங்கி 36 வரை படிப்படியாக ஏறி, வரி 630,000. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 52,500 வெட்டினார்கள். வரி வருடம் தொடங்குகிற ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஏழு மாதம், 367,500 ரூபா.

ஆனால் அந்த வருடம் நீங்கள் உழைத்தது ஏழு மாதம்தான். 24 லட்சத்து 50 ஆயிரம். 12 லட்சம் கழிய மிச்சம் 12 லட்சத்து 50 ஆயிரம். முதல் 5 லட்சத்துக்கு 30,000, அடுத்த 5 லட்சத்துக்கு 60,000, கடைசி 250,000-க்கு 45,000. நீங்கள் கட்டியிருக்க வேண்டியது 135,000. கழித்துப் பாருங்கள். 232,500, ஒரு ரூபா பிசகவில்லை.

ஆகவே இது வானத்திலிருந்து விழுந்த காசில்லை. 2023 நவம்பர் தொடங்கி 2024 மார்ச் வரை நீங்கள் வேலையில்லாமல் இருந்த அந்த ஐந்து மாதத்தின் காசு. மாதத்துக்கு 46,500 வீதம் அப்போது கையில் இருந்திருந்தால் வீட்டு வாடகைக்கோ ஸ்கூல் வானுக்கோ உதவியிருக்கும். காப்பு கையை விட்டுப் போயிருக்காது என்றுகூடச் சொல்லலாம். உங்கள் கடிதத்தில் காருக்கு ஒரு பந்தி கொடுத்திருக்கிறீர்கள், காப்புக்கு ஒரு வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அடகுச் சீட்டை எடுத்துத் திகதியைப் பாருங்கள். தவணை முடிய வட்டி கட்டிப் புதுப்பித்தீர்களா? 2024-க்குப் பிறகு பவுண் விலை எங்கே போய் நிற்கிறது என்று செட்டியார் தெருவில் எந்த நகைக்கடை வாசலில் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைய விலைக்கு ஏற்பத்தான் உங்களுக்குக் கடன் தந்தார்கள். தவணை தவறி ஏலத்துக்குப் போனால், இன்றைக்கு அதே நிறையில் ஒரு காப்புச் செய்விக்க இந்த ரீஃபண்ட் முழுவதும் போதாமல் போகலாம். மனைவி ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்களா?

இனி மச்சானுக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதி எனக்கே நடந்தது. 2018-இல் நிலுவைச் சம்பளம் மொத்தமாக வந்த சூட்டில் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதே மாதம் ஊரடங்கு. கார் கீழே நின்ற இடத்திலேயே நின்று பற்றரி செத்தது, எலி வயரைக் கடித்தது. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் அடுத்த ஜூனில் 470 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. காலி வீதியில் இரண்டு இரவு வரிசையில் கிடந்தேன். வரிசை நகரும்போது ஒருவரும் என்ஜினைப் போடமாட்டோம், இருக்கிற சொட்டும் போய்விடும் என்று. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றவரின் காரை நான் தள்ள, என் காரைப் பின்னால் நின்றவர் தள்ளுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. இரண்டு இரவும் அவருடைய பிளாஸ்கிலிருந்துதான் பிளேன்ரீ குடித்தேன். பிறகு பெற்றோலைப் பங்கிட்டுத் தரக் கியூஆர் அட்டை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்.

அந்த வருடக் கடைசியில் காரை விற்றேன். வாங்கிய விலையைவிடக் கூட! வயது நாலு கூடி, பெயின்ற் மங்கி, எலி கடித்த கார். வெளியிலிருந்து புதுசு வராததால் உள்ளே இருந்த பழசுக்கெல்லாம் மவுசு. நானும் உங்கள் மச்சானைப் போலத்தான் கொஞ்சநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்தக் காசுக்கு அதேமாதிரி இன்னொரு கார் தேடினேன். கிடைக்கவில்லை. என்னுடையது மட்டுமா ஏறியது, எல்லாம் ஏறியிருந்தது. லாபம் என்று நான் நினைத்தது ரூபா இளைத்ததன் கணக்கு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். வரி கடுமைதான், ஆனாலும் கதவு திறந்துவிட்டது. ஐந்து வருடம் கதவு பூட்டியிருந்தபோது நடந்ததை வைத்துக்கொண்டு அடுத்த ஐந்து வருடத்துக்கு மச்சான் சாத்திரம் சொல்கிறார்.

லீசிங்கை நீட்டி முழக்கவில்லை. 31,500-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 18 லட்சத்து 90 ஆயிரம். நீங்கள் கடனாக வாங்குவது 13 லட்சம். இந்த ரீஃபண்ட் முழுவதையும் தவணைக்கென்றே வைத்தாலும் ஏழு மாதம் ஓடும், மிச்சம் 53 மாதம் சம்பளத்தில். அதற்கு மேல் ஃபுல் இன்சூரன்ஸ், அதில்லாமல் லீசிங் தரமாட்டார்கள். புகைப் பரிசோதனை, ரெவன்யூ லைசன்ஸ், டயர், பெற்றோல். பத்து வயது தாண்டிய கார் என்றால் மாதம் ஒருதரம் கராஜ் பாஸின் முகத்தில் விழிக்கவும் வேண்டும். ஒருமுறை வேலை போன வீடு உங்களுடையது. அடுத்தமுறை போனால் காப்புக்கு அடகுக்கடை பொறுத்ததுபோல் லீசிங்காரர் பொறுக்கமாட்டார்கள், வந்து காரைக் கொண்டுபோய்விடுவார்கள். நீங்கள் போட்ட 13 லட்சம் எங்கே என்று அப்போது யாரையும் கேட்க முடியாது.

அம்மாவின் முழங்கால் பற்றி எழுதியது உண்மையான காரணம். காலி வீதி 100-ஆம் இலக்க பஸ்ஸின் முதல் படி எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். முழுதாக நிற்கமுன்னமே இழுத்துவிடுவான். பஸ்ஸில் போகச்சொல்லும் ஆள் நானில்லை. ஆனால் மாதம் இரண்டு கிளினிக் என்றால் போய்வர நாலு ஓட்டம். பிக்மீ செயலியில் வாடகைக் கார் கூப்பிட்டு, வாசலில் ஏற்றி, வைத்தியசாலை வாசலில் இறக்கிவிடலாம். சொந்தக் கார் என்றால் அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு நீங்கள் பார்க்கிங் தேடிப் போவீர்கள். அவ அங்கே தனிய நிற்பா. அதோடு கிளினிக் கிழமை நாளில். அன்றைக்கு நீங்கள் வேலையில் இருப்பீர்கள். மனைவி ஓட்டுவாவா? அதையும் எழுதவில்லை. இரவு அவசரத்துக்கு 1990 இருக்கிறது. சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை, உள்ளே ஒட்சிசனும் பயிற்சி பெற்ற ஆளும் இருப்பார்கள். நெஞ்சு நோகிற அம்மாவைப் பின் சீற்றில் வைத்துக்கொண்டு, கை நடுங்க நடுங்க அல்ட்டோ ஓட்டுவதைவிட அது மேல்.

ஸ்கூல் வானும் நிற்கப்போவதில்லை. ஏழரைக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும், விடும் நேரம் நீங்கள் வேலையில். கார் வாங்கிய எத்தனையோ வீடுகளில் வான்காசும் பெற்றோல்காசும் சேர்ந்தே போவதைப் பார்த்திருக்கிறேன்.

நல்லூர் ஆசையில் கை வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஐந்து பேரும் பொதிகளும் அந்தச் சின்னக் காரில் 400 கிலோமீற்றர். ஓட்டப்போவது நீங்கள் ஒருவர். வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும்போதே உங்களுக்கு இடுப்பு விட்டிருக்கும், அங்கிருந்து இன்னும் கிடக்கிறது தூரம். போய்ச் சேர்ந்தாலும் திருவிழாக் காலத்தில் கோயிலடி வீதிகளை மறித்திருப்பார்கள், காரை எங்கோ விட்டுவிட்டு நடக்கவேண்டியதுதான். வருடத்தில் ஒருதரம்தானே. சாரதியோடு ஒரு வான் பிடியுங்கள். அம்மா காலை நீட்டிக்கொண்டு வரட்டும். நீங்களும் ஒருமுறை ஜன்னல் பக்கம் இருந்து பாருங்கள்.

அண்ணாவின் காசைப் பற்றியும் ஒரு சொல். வட்டியில்லாத காசுதான். ஆனால் அவர் லீவில் வருகிற மூன்று கிழமையும் கட்டுநாயக்கவில் தொடங்கி நீங்கள்தான் சாரதி. இது பகிடி இல்லை.

எனக்கு இதைவிட வியப்பாகப்பட்டது வேறு ஒன்று. உங்கள் சம்பளம் 280,000. பழைய கணக்கில் அதற்கு மாதம் 29,000 வரி போயிருக்கும். 2025 ஏப்ரலில் வரியில்லாத எல்லையை 18 லட்சமாக உயர்த்தி, படிகளையும் மாற்றினார்கள். இப்போது 13,700 வெட்டுகிறார்கள். மாதம் 15,300 ரூபா அன்றிலிருந்து உங்கள் கையிலேயே நிற்கிறது. வருடத்துக்கு 183,600. மொத்தமாக வந்த 232,500-க்கு எனக்குக் கடிதம் எழுதினீர்கள். இந்தக் காசு எங்கே போகிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? மொத்தமாக வந்தால் அல்ட்டோவாகத் தெரிகிறது, சில்லறையாக வந்தால் கண்ணுக்கே தெரிவதில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ரீஃபண்டில் முதலில் காப்பை மீட்பேன். மிஞ்சுவது எவ்வளவானாலும் வேலையில்லாத மாதத்துக்கென்று தனிக் கணக்கில் போட்டுவிட்டு, சீட்டுக்காசையும் அதற்குத் துணையாக விடுவேன். 15,300-ஐ மாதத் தொடக்கத்திலேயே தனியாக எடுத்து வைத்து, அம்மாவின் கிளினிக், கல்யாண வீடு, மழைநாள் எல்லாவற்றுக்கும் அதிலிருந்து ஓட்டோவும் காரும் கூப்பிடுவேன். மீற்றரைப் பார்த்துப் பார்த்து நெஞ்சு பதறத் தேவையில்லை, அது அதற்கென்றே வைத்த காசு. எத்தனை ஓட்டம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் கார் வைத்திருந்தபோது ஒரு மாதம் எழுதிப் பார்த்தேன். 30 நாளில் 11 நாள் வெளிக்கிட்டிருந்தது, அதில் நாலு நாள் நடந்து போகிற தூரத்துக் கோயிலுக்கும் மரக்கறிக் கடைக்கும்.

ஒரு வருடம் எழுதிய பிறகு, 15,300 போதவில்லை, கொப்பி நிரம்பி வழிகிறது என்றால் கார் வாங்குங்கள், நானே பார்க்க வருகிறேன். அப்போதும் முதலில் அடுக்குமாடியில் கார் விட இடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் காரைவிட அதை விடுகிற இடம்தான் அருமை. விற்பவர் ஓப்பன் பேப்பர், அதாவது கார் தன் பெயருக்கு மாற்றாமல் பழைய சொந்தக்காரர் கையெழுத்திட்ட பத்திரத்தோடு இருக்கிறது என்று சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்து வைக்கட்டும்.

காப்பு வீட்டுக்கு வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். மகள் காருக்கு வைத்த பேர் என்ன என்றும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்