பழைய ட்ரக்கின் ஏர் பம்ப்பும் கன்வர்ட்டரும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் 1970களின் நடுவிலிருந்து 1990களின் தொடக்கம் வரை வந்த பெட்ரோல் பிக்கப் ட்ரக்குகளை வைத்திருப்பவர்கள் கேட்டவை இவை. எக்ஸாஸ்ட்டுக்குள் காற்றைத் தள்ளும் ஏர் பம்ப்பைத் தனியாகவும், எக்ஸாஸ்ட் குழாயில் புகையைச் சுத்தமாக்கும் டப்பாவான கன்வர்ட்டரைத் தனியாகவும் பார்ப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இரண்டையும் ஒரே வேலையின் இரு பாதிகளாகப் பார்த்துப் படியுங்கள்.

கேள்வி: அண்ணா, என்ஜினுக்கு முன்னால் பெல்ட்டில் ஒரு சின்ன பம்ப் சுற்றுகிறது. ஏசி கம்ப்ரசர் இல்லை. இது எதற்கு?

வெளிக்காற்றை இழுத்து எக்ஸாஸ்ட்டுக்குள் தள்ளுவதற்கு. கார்புரேட்டர் என்ஜினில், அதிலும் உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் சோக் மூடியிருக்கும் குளிர் நேரத்தில், பெட்ரோல் முழுதாக எரிவதில்லை. மிச்சம் கார்பன் மோனாக்சைடாகவும் எரியாத ஹைட்ரோகார்பனாகவும் வெளியே போகிறது. எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டியதும் அங்கே சூடு இருக்கிறது, எரிய வேண்டியதும் இருக்கிறது, ஆக்சிஜன்தான் இல்லை. அதைத் தருவதுதான் பம்ப். ஜெனரல் மோட்டார்ஸ் இதை ஏ.ஐ.ஆர். என்றது, ஃபோர்டு தெர்மாக்டர் என்றது. கன்வர்ட்டருக்கு முன்பே வந்த சாதனம் இது. கலிஃபோர்னியாவில் 1966 மாடல் கார்களிலேயே இருந்தது. கன்வர்ட்டர் பரவலாக வந்தது 1975 மாடல்களில்.

கேள்வி: கன்வர்ட்டர் வந்த பிறகும் பம்ப்பை ஏன் விட்டுவைத்தார்கள்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் சாவி இதில்தான் இருக்கிறது.

முதலில் வந்த கன்வர்ட்டர்களில் பிளாட்டினமும் பல்லேடியமும் பூசியிருக்கும். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரித்து முடிப்பது அவற்றின் வேலை. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், பம்ப் கொடுத்தது. அதுவரை சிக்கல் இல்லை.

அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடையும் குறைக்க வேண்டி வந்தது. அதற்கு வந்தது ரோடியம் சேர்த்த மூவழி கன்வர்ட்டர், அதாவது இந்த மூன்று மாசுகளையும் கையாளுவது. ரோடியம் செய்வது நேர் எதிர் வேலை, நைட்ரஜன் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பது. சுற்றிலும் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் அது நடக்காது. ஒரு வேலைக்குக் காற்று வேண்டும், இன்னொன்றுக்குக் காற்றே ஆகாது. இதற்குக் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்புதான்: ஒரே டப்பாவுக்குள் இரண்டு அடுக்கு. முன்னடுக்கு மூவழி, பின்னடுக்கு எரிப்பதற்கு மட்டும். பம்ப்பின் காற்றுக்குழாய் இரண்டுக்கும் நடுவே நுழைகிறது.

ஆகவே காற்று எப்போது எங்கே போகிறது என்பதுதான் விஷயம். 1980களில் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு வந்த பல ட்ரக்குகளில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது காற்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது என்ஜினை ஒட்டிப் புகையைத் திரட்டும் குழாய்க்கு, போகும். அங்கே மிச்ச எரிபொருள் எரிய, அந்தச் சூட்டில் கன்வர்ட்டர் சீக்கிரம் வேலைக்கு வரும். அது கிட்டத்தட்ட 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் தாண்டினால்தான் உருப்படியாக இயங்கும். என்ஜின் சூடானதும் திசைமாற்று வால்வ் காற்றைக் கன்வர்ட்டரின் நடுவுக்குத் திருப்பிவிடும். திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் கலவை ஒரு கணம் செறிவாகும். அப்போது காற்றும் சேர்ந்தால் எக்ஸாஸ்ட்டில் வெடிக்கும், அதனால் டைவர்ட்டர் வால்வ் என்ற இன்னொரு வால்வ் காற்றை வெளியே விட்டுவிடும்.

சூடான பிறகும் காற்று மேனிஃபோல்டுக்கே போய்க்கொண்டிருந்தால்? எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோலைக் கூட்டும். அந்த அதிகப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். ட்ரக் பெட்ரோல் குடிக்கும், கன்வர்ட்டர் தணலாகச் சிவக்கும்.

கேள்வி: முன்பு வைத்திருந்தவர் பம்ப் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது சார்.

ஓடும். ஆனால் பின்னடுக்குக்கு ஆக்சிஜன் இல்லை, புகை சுத்தமாகாமல் போகிறது. பெல்ட்டைக் கழற்றியதால் கிடைத்த சக்தி நீங்கள் உணரக்கூடிய அளவு இல்லை. தயவுசெய்து திரும்ப மாட்டுங்கள். மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம். கலிஃபோர்னியாவில் 1976 மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. கண்ணால் பார்த்தே தோல்வி போட்டுவிடுவார்கள்.

கேள்வி: பம்ப் சத்தம் போடுகிறது, ரப்பர் ஹோஸ் கருகியிருக்கிறது. புது பம்ப் வாங்கட்டுமா?

பொறுங்கள் தம்பி. ஹோஸ் கருகினால் முதல் சந்தேகம் செக் வால்வ் மேல். காற்று எக்ஸாஸ்ட்டுக்குள் போகலாம், எக்ஸாஸ்ட் பின்னால் வரக்கூடாது. அந்த ஒருவழிக் கதவு துருப்பிடித்துத் திறந்தே நின்றுவிட்டால் கொதிக்கும் புகை ஹோஸையும் சுட்டு, பம்ப்பையும் சுடும். என்ஜின் ஆறிய பிறகு வால்வைக் கழற்றி இருபுறமும் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும். அதை மாற்றாமல் புது பம்ப் போட்டால் அதுவும் போய்விடும். சத்தம் அடங்கட்டும் என்று பம்ப்புக்குள் எண்ணெய் விடாதீர்கள்.

கேள்வி: ஒரே வருடத்தில் இரண்டாவது கன்வர்ட்டரும் அடைத்துவிட்டது.

கன்வர்ட்டர் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் முன்னால் உள்ள ஏதோ ஒன்று அதைக் கொல்கிறது. ஒட்டிக்கொண்ட சோக், வழியும் கார்புரேட்டர், தீப்பொறி தவறும் பிளக், இல்லையென்றால் மேலே சொன்ன திசைமாற்று வால்வ். கன்வர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகினால் வழி அடைந்துவிடும். இன்னொன்றையும் பாருங்கள்: புதிதாகப் போட்ட கன்வர்ட்டரில் காற்றுக்குழாய் நுழையும் வாய் இருக்கிறதா? அது இல்லாத ஒன்றைப் போட்டு, பம்ப் குழாயை அடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

அடைப்பைச் சோதிக்க, என்ஜின் உறிஞ்சும் வேகுவத்தை, அதாவது வெற்றிடத்தை, அளக்கும் வேக்குவம் கேஜ் போதும். 2500 ஆர்.பி.எம்.மில் அப்படியே பிடித்திருங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அடைப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: என் 1976 ஃபோர்டு எஃப்-150இல் கன்வர்ட்டரே இல்லை. யாரோ திருடிவிட்டார்களா?

அவசரப்பட வேண்டாம். அன்று மொத்த எடை வரம்பு 6000 பவுண்டைத் தாண்டிய ட்ரக்குகளுக்கு விதிகள் தளர்வு. எஃப்-150 அந்த வரம்புக்கு மேலே இருக்கும்படியே 1975இல் வந்தது. பானெட்டுக்கு அடியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கரையும், பெட்ரோல் டேங்க் வாயையும் பாருங்கள். ஈயமில்லாப் பெட்ரோல் மட்டும் என்று எழுதி வாயும் குறுகலாக இருந்தால், ஒரு காலத்தில் கன்வர்ட்டர் இருந்திருக்கும்.

கேள்வி: பழைய டீசல் ட்ரக்கில் இந்தப் பம்ப் உண்டா?

இல்லை. டீசல் புகையில் மிச்ச ஆக்சிஜன் எப்போதும் இருக்கிறது.

கேள்வி: வீட்டிலேயே எல்லாம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பம்ப்பின் வெளிவரும் ஹோஸைக் கழற்றி, வண்டியை ஓடவிட்டுக் கையை வையுங்கள். காற்று வர வேண்டும், ஆர்.பி.எம். ஏற ஏற கூட வேண்டும். ஹோஸை மாட்டி, என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, திசைமாற்று வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். இரட்டை அடுக்கு உள்ள வண்டியில் அங்கே காற்று வரக்கூடாது. வந்தால் வால்வைக் குறை சொல்லும் முன் அதற்குப் போகும் மெல்லிய வேக்குவம் குழாய்களை விரலால் தடவிப் பாருங்கள். என் ட்ரக்கில் இரண்டு மாதம் தேடிய பெட்ரோல் குடிக்கும் கோளாறு, கடைசியில் அந்தக் குழாயில் விரல்நுனி அளவு வெடிப்பாக இருந்தது.